ஆவுடை சுற்றிய வளையல்

ஜனவரி 8, ஞாயிறு

சுபாஷிணிக்கு வளைகாப்பு நாள் குறித்தாயிற்று. தை கடைசி வெள்ளி, பிப்ரவரி பத்து. தூத்துக்குடியிலிருந்து சம்பந்தி வீட்டார் வந்து பேசிவிட்டுப் போனார்கள். இங்கேயே பாளையங்கோட்டையில் ஒரு சின்ன மண்டபம். மண்டபமும் பந்தியும் அவர்கள் பொறுப்பு. வளையலும், வருகிற பெண்களுக்குக் கொடுத்தனுப்புகிற அன்பளிப்பும் எங்கள் பொறுப்பு. இவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். தலையாட்டக் காசா பணமா. மகள் கல்யாணம் முடிந்து ஒன்றரை வருஷம் ஆகிறது, இன்னும் நாங்கள் நிமிரவில்லை.

எவர்சில்வர் கிண்ணம் கொடுக்கலாம் என்றார். ஊரில் எல்லோர் வீட்டுப் பரணிலும் கிண்ணம்தான் உட்கார்ந்திருக்கிறது.

சாயங்காலம் ஆவுடை வந்தாள். (டீச்சராக இருந்த புத்தி, யாராக இருந்தாலும் அறிமுகம் எழுதாமல் விட மாட்டேன். ஆவுடை இவருடைய தங்கை. இரண்டு தெரு தள்ளி வீடு. ஜாக்கெட் தைக்கிறாள். வயது நாற்பத்தெட்டு. பிள்ளை இல்லை.) விஷயத்தைக் கேட்டுவிட்டு, “என்னத்துக்கு மதினி கடையில போய் வாங்கணும்? சும்மா பிளாஸ்டிக் வளையல் வாங்கி பட்டு நூல் சுத்தி நானே செஞ்சு தாரேன். ஆளுக்கு ஒரு ஜோடி. அவுகவுக சைஸுல, அவுகவுகளுக்குப் பிடிச்ச கலர்ல, பெட்டி மேல பேரெழுதிக் குடுப்போம்,” என்றாள்.

தொண்ணூறு பேருக்கு மேல் வருவார்கள் என்றேன்.

“இன்னும் ஒரு மாசம் கெடக்குல்லா,” என்றாள்.

ஜனவரி 12, வியாழன்

நூல் சுற்றுவது இப்படி. பட்டு நூல் கண்டிலிருந்து இருபது இழை சேர்த்து எடுத்து, நுனியில் பசை தொட்டு, வளையலின் உள்பக்கம் ஒட்டி, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் நெருக்கமாகச் சுற்றிக்கொண்டே வர வேண்டும். முடிந்த இடம் தெரியாமல் முடிக்க வேண்டும். பிறகு கல் ஒட்ட வேண்டும். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. நான் சுற்றியது இரை விழுங்கின பாம்பு மாதிரி நடுவில் புடைத்துக்கொண்டிருந்தது. முப்பத்திரண்டு வருஷம் பிள்ளைகளுக்குக் கைவேலை சொல்லிக்கொடுத்தவள் நான்.

ஆவுடை, நான் காபி போட எழுந்த நேரத்தில் அதைப் பிரித்து மறுபடி சுற்றி என் பங்கில் வைத்துவிட்டாள். நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

ஜனவரி 15, ஞாயிறு

பொங்கல். சர்க்கரைப் பொங்கலில் ஒரு ரோஸ் கலர் நூல் கிடந்தது. இவர் பேசாமல் எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிட்டார்.

ஜனவரி 19, வியாழன்

சுபாவின் கல்யாணப் பத்திரிகை ஒரு கட்டு மிஞ்சி அலமாரியில் கிடந்தது. நல்ல கெட்டி அட்டை. அடித்தபோதே இவ்வளவு எதற்கு என்று நான் சண்டை போட்டதுதான். ஆவுடை அதை வெட்டி மடித்துப் பெட்டி செய்கிறாள். ஒரு ஜோடி வளையல் கச்சிதமாக உட்காருகிறது. தங்க ஓரம் மூடிக்கு வருகிற மாதிரி வெட்ட வேண்டும். வெட்டுகிற வேலை இவருக்கு. பத்திரிகையில் பிள்ளையார் இருக்கிறாரே, அவரை எப்படிக் கத்தரிப்பது என்று இவருக்கு ஒரே குழப்பம். ஒவ்வொரு பிள்ளையாரையும் சுற்றி வெட்டி ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டிருக்கிறார். இப்போது எங்களிடம் அறுபத்துமூன்று பிள்ளையார் இருக்கிறார்கள். குப்பையிலும் போட முடியாது, கும்பிடவும் இடமில்லை.

பெட்டி மேல் பேர் எழுதுவது என் வேலை. என் கையெழுத்தை இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. யாருக்கு என்ன கலர் என்று ஆவுடை பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வந்தாள். பாதிப் பேருக்கு ஜாக்கெட் தைக்கிறவள், யார் எந்தச் சேலையை விரும்பிக் கட்டுவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

“உன் பேரையும் எழுதட்டுமாட்டி?” என்று கேட்டேன்.

“எனக்கு எதுக்கு மதினி? நான் வீட்டு ஆளுல்லா,” என்றாள்.

ஜனவரி 25, புதன்

சுபா போன் பண்ணினாள். எடுத்த எடுப்பில், “அத்தை அங்க இருக்காளா?” இங்கே அம்மா என்று ஒருத்தி இருக்கிறேன். போனை ஆவுடையிடம் கொடுத்தேன். அரை மணி நேரம். நடுவில் சிரிப்பு வேறு. போன் என்னிடம் திரும்பி வந்தபோது, “சரிம்மா, வேற என்ன,” என்றாள்.

சுபாவுக்கு ஒன்பது மாதமாக இருக்கும்போது எனக்குச் சங்கரன்கோவில் பக்கம் ஒரு கிராமத்துக்கு மாற்றல் வந்தது. தினம் போய் வர முடியாத இடம். நாலு வருஷம் அவளை ஆவுடைதான் வைத்திருந்தாள். நான் வெள்ளிக்கிழமை வருவேன், திங்கள்கிழமை விடியுமுன் போவேன். ஒரு வெள்ளிக்கிழமை நான் தூக்கப் போனதும் பிள்ளை வீறிட்டு ஆவுடையின் சேலைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டது. “அம்மாட்டி, உங்கம்மா, போ,” என்று ஆவுடை அதன் கையைப் பிரித்துப் பிரித்து என்னிடம் கொடுத்தாள். அதெல்லாம் பழைய கதை. எதற்கு எழுதினேன் என்று தெரியவில்லை.

இன்றைக்கு ஆறு ஜோடி முடிந்தது.

பிப்ரவரி 2, வியாழன்

சுபா சொல்லிவிட்டாள். முதல் காப்பு, வேப்பங்கொழுந்தை வளைத்துப் போடுவது, அத்தைதான் போட வேண்டுமாம். பிறகு மற்றவர்கள் கண்ணாடி வளையல் போடட்டுமாம். “நீ ரெண்டாவதா போடேன்ம்மா,” என்றாள்.

ரெண்டாவது.

முதல் காப்பு பிள்ளை பெற்ற சுமங்கலி போடுவதுதான் வழக்கம் என்று சொன்னேன். நான் ஒன்றும் புதிதாகச் சொல்லவில்லை, ஊர் உலகத்தில் உள்ளதுதான். சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள்? வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், ஆனால் நினைப்பார்கள். “அவங்க ஒண்ணும் நினைக்க மாட்டாங்கம்மா,” என்றாள் சுபா. இவளுக்கு என்ன தெரியும். பச்சைப்பிள்ளை விஷயம், நாளைக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால் யாரைச் சொல்வார்கள்? ஆவுடையைத்தானே. நான் அவள் நல்லதுக்கும் சேர்த்துத்தான் யோசிக்கிறேன்.

பார்க்கலாம் என்று போனை வைத்தேன்.

பிப்ரவரி 9, வியாழன்

தொண்ணூற்று நாலு பெட்டி. கூடத்தில் அடுக்கி வைத்திருக்கிறது. பார்க்கக் கண் நிறைந்திருக்கிறது.

ஆவுடை கடைசி ஜோடிக்குக் கல் ஒட்டிக்கொண்டிருந்தாள். இவர் மண்டபத்துக்குப் போயிருந்தார். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டேன்.

“ஆவுடை, தப்பா எடுத்துக்கிடாத. சம்பந்தி வீட்டுல பழைய ஆளுக. பிள்ள இல்லாதவங்க மேடைப் பக்கம் வராண்டாம்னு ஒரு மாதிரி சொல்லுதாவ. நான் என்ன செய்ய? நீ வாசல்ல நின்னு பெட்டியக் குடு. எது யாருக்குன்னு உனக்குத்தான தெரியும்.”

“சரி மதினி,” என்றாள்.

கல் ஒட்டுவதை நிறுத்தவில்லை. பசை காய்ந்ததும் பெட்டிக்கு மூடி போட்டு அடுக்கில் வைத்தாள். தரையில் கிடந்த நூல் துண்டுகளையெல்லாம் பொறுக்கினாள். முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். சாப்பிட்டுவிட்டுப் போ என்றேன். பசியில்லை என்றாள்.

அவள் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பதிலுக்குச் சொல்ல நாலு வார்த்தை தயாராக வைத்திருந்தேன்.

பிப்ரவரி 10, வெள்ளி

நல்லபடியாக முடிந்தது. கால் வலி. நாளைக்கு எழுதுகிறேன்.

பிப்ரவரி 11, சனி

எழுத உட்கார்ந்து அரை மணி நேரமாகிறது.

வேப்பங்கொழுந்துக் காப்பை நான் போட்டேன். சுபா கூட்டத்தில் தேடினாள். “அத்தை எங்கம்மா?” என்றாள். பந்தியில் நிற்கிறாள், வருவாள் என்றேன். கன்னத்தில் சந்தனம் பூசினேன். பெண்கள் ஒருத்தர் மாற்றி ஒருத்தர் வந்து கண்ணாடி வளையல் போட்டார்கள். வயிற்றுப் பிள்ளைக்கு வளையல் சத்தம் கேட்க வேண்டும் என்பார்கள். இரண்டு கையும் முழங்கை வரை நிறைந்தது. அவள் கையை அசைக்கும்போதெல்லாம் மண்டபம் முழுக்கக் கேட்டது.

மேடையிலிருந்து பார்த்தால் வாசல் நேராகத் தெரியும். இது எனக்கு முன்னாலேயே தெரிந்திருந்தால் வேறு இடத்தில் நிறுத்தியிருப்பேன். ஆவுடை பச்சைச் சேலை கட்டியிருந்தாள். ஒவ்வொருத்தருக்கும் பேர் பார்த்துப் பெட்டியை எடுத்துக் கொடுத்தாள். திறந்து பார்த்தவர்கள் அங்கேயே நின்று கையில் போட்டுப் பார்த்தார்கள். பந்தியிலும் இதே பேச்சு. ஒருத்தர் கையை ஒருத்தர் பிடித்துப் பார்த்துக்கொண்டார்கள். கடையில் வாங்கிக் கொடுத்திருந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

சம்பந்தியம்மா என்னிடம் வந்தார். “இதெல்லாம் சுபாவோட அத்தை செஞ்சதாமே. அவங்கள மேடைக்குக் கூப்பிடுங்க, அவங்க கையால ஒரு வளையல் போடட்டும். எவ்வளவு பொறுமையான கை,” என்றார்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று நேற்று ராத்திரி முழுக்க யோசித்தேன். சொன்னது இதுதான்: “அவ கூச்சப்படுவா சம்பந்தியம்மா. மேடைக்கெல்லாம் வர மாட்டா.”

சம்பந்தியம்மா என்னைப் பார்த்துவிட்டு அவரே வாசலுக்கு நடந்தார். ஆவுடையிடம் ஏதோ கேட்டார். நடுவில் கூட்டம், எனக்குக் கேட்கவில்லை. ஆவுடை ஏதோ சொல்லிவிட்டு அடுத்த பெட்டியை எடுத்தாள்.

யாரும் எதுவும் நினைக்கவில்லை. அதுதான் எனக்கு இப்போது தாங்கவில்லை. யாராவது ஒருத்தர், நல்ல வேளை அவளை மேடையில் ஏற்றவில்லை என்று சொல்லியிருந்தால் எனக்குப் போதும். ஒருத்தரும் சொல்லவில்லை.

பிப்ரவரி 24, வெள்ளி

சுபா இங்கேதான் இருக்கிறாள். ஆவுடை வரவில்லை. கால் வீக்கம் என்று அண்ணனிடம் சொல்லியனுப்பினாளாம். இரண்டே இரண்டு தெரு.

மார்ச் 3, வெள்ளி

சாயங்காலம் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதால் சுபா தினமும் ஆவுடை வீடு வரை நடந்து போய் வருகிறாள். இன்றைக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

“அத்தை என் வயித்தத் தொட மாட்டேங்காம்மா. பிள்ள உதைக்கு, தொட்டுப் பாரு அத்தைன்னு கையப் பிடிச்சேன். உருவிக்கிட்டா. நீ என்ன சொன்ன அவகிட்ட?”

“நான் என்னத்தச் சொல்ல? உங்க மாமியார் வீட்டுல...”

“பொய் சொல்லாதம்மா,” என்றாள். உள்ளே போய்விட்டாள்.

இவர் பேப்பரை மடித்து வைத்தார். எங்கள் வீட்டில் இவர் பேப்பரை மடித்தால் ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம். “வடிவு, அந்த நாலு வருசத்துல ஆவுடை ஒரு நாளும் பிள்ளைய அம்மான்னு கூப்பிட விடல. வாய் தவறிக் கூப்பிட்டாலும் அத்தைன்னு சொல்லுன்னு திருத்துவா. அது உனக்குத் தெரியும்லா,” என்றார்.

தெரியும். எல்லாம் எனக்குத் தெரியும். அவள் ஒரு தப்பும் செய்யவில்லை என்பதால்தான் எனக்கு அவள் மேல் அவ்வளவு ஆத்திரம் இருந்தது. இதை யாரிடம் சொல்வது.

மார்ச் 28, செவ்வாய்

கூழ்வற்றல் பிழிந்தேன். வருஷா வருஷம் ஆவுடை பிழிவாள், நான் பேசுவேன். இன்றைக்குப் பேச ஆளில்லை. வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது.

ஏப்ரல் 22, சனி

பெண் பிள்ளை. காலை ஆறு இருபதுக்கு. மூன்று கிலோ நூறு. தலை நிறைய முடி. சுபா நன்றாக இருக்கிறாள்.

பத்து மணிக்கு ஆவுடை ஆஸ்பத்திரிக்கு வந்தாள். இவருடைய பழைய வேட்டியைக் கிழித்து ஓரம் அடித்து, பிள்ளைக்குச் சதுரத் துணி இருபது தைத்துக் கொண்டுவந்திருந்தாள். “வெந்நில அலசி வெயில்ல காய வச்சிருக்கேன் மதினி, அப்படியே கட்டலாம்,” என்று பையை வாசற்படியில் நின்றே நீட்டினாள்.

நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் அவள் முன்னால் நீட்டினேன். “பிடி,” என்றேன்.

அவள் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள். “இருக்கட்டும் மதினி. கொஞ்ச நாள் போகட்டும். பச்சப்பிள்ள, ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிரப்படாது.”

வீட்டுக்கு வந்ததும் இந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். பிப்ரவரி இரண்டாம் தேதி இதே வார்த்தையை நான் எழுதியிருக்கிறேன். அவளிடம் நான் அதைச் சொல்லவே இல்லை. சொல்லாமலே அவளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

தூரத்திலிருந்து பிள்ளையைப் பார்த்தாள். மூக்கு அண்ணன் மாதிரி என்றாள். போய்விட்டாள்.

மே 14, ஞாயிறு

ஆவுடை பிள்ளைக்குச் சட்டை தைக்கப் போகிறாளாம். நெஞ்சு, தோள், கை, நீளம், எல்லா அளவும் வேண்டும் என்று போனில் கேட்டாள். நீயே வந்து எடுத்துக்கொள் என்றேன். “டேப் வச்சு நீங்களே பாத்துச் சொல்லிருங்க மதினி,” என்றாள்.

அளந்தேன். எல்லாவற்றிலும் ஒன்றரை அங்குலம் குறைத்துச் சொன்னேன். சட்டை பொருந்தாமல் போனால் நேரில் வந்துதானே ஆக வேண்டும். எனக்கு இந்த மாதிரி யோசனைகளுக்கு மட்டும் குறைச்சலே கிடையாது.

மே 22, திங்கள்

சட்டை வந்தது. வெள்ளை மல் துணி, கழுத்தோரம் நூலில் குட்டி குட்டியாகக் கிளி பின்னியிருந்தாள். பிள்ளைக்குக் கையே நுழையவில்லை. சின்னதாக இருக்கிறது, வந்து பார் என்று சொல்லி இவரிடம் கொடுத்தனுப்பினேன். அவள் வரவில்லை. எவ்வளவு பெரிதாக்க வேண்டும் என்று கேட்டு போன் வந்தது.

மே 30, செவ்வாய்

மறுபடி தப்பாக, இந்தத் தடவை கூட்டிச் சொன்னேன். பிரித்து, துண்டு சேர்த்து மறுபடி தைத்து அனுப்பினாள். இப்போது பிள்ளை சட்டைக்குள் காணாமல் போகிறது. நான் எத்தனை தடவை தப்பாகச் சொன்னாலும் இவள் அத்தனை தடவையும் பிரித்துத் தைப்பாள். கோபமே வராதா இவளுக்கு? துணியில் கிளியின் மேல் பழைய தையல் ஓட்டைகள் தெரிகின்றன. சுபா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

ஜூன் 4, ஞாயிறு

நாற்பது நாள் கழிந்துவிட்டது, பிள்ளையை வெளியே எடுக்கலாம். வெயில் ஏறுமுன்னே தூக்கிக்கொண்டு ஆவுடை வீட்டுக்குப் போனேன். சுபா பிள்ளைக்குத் தொப்பியைக் கட்டி என் கையில் கொடுத்தாள்.

ஆவுடை தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து மெஷினுக்கு அந்தப் பக்கம் போய் நின்றாள்.

“ஆவுடை, சம்பந்தியம்மா ஒண்ணும் சொல்லல. யாரும் சொல்லல. நாந்தான் சொன்னேன். சுபா முதக் காப்புக்கு உன்னக் கேட்டா. எனக்குப் பொறுக்கல,” என்றேன். வழியெல்லாம் வேறு மாதிரி, கௌரவமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். வாயில் வந்தது இதுதான்.

“தெரியும் மதினி,” என்றாள்.

பிள்ளையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டேன்.

“அன்னைக்கே அந்தம்மா வாசல்ல வந்து கேட்டாவ. நீங்க ஏன் வளையல் போட வரல, கூச்சப்படுவீகன்னு உங்க மதினி சொல்லுதாவளேன்னு. ஆமாம்மா, எனக்குக் கூச்சம்னு சொல்லிட்டேன்.”

“தெரிஞ்சுமாட்டி பிள்ளையத் தொட மாட்டேங்க?”

அவள் மெஷின் மேல் கிடந்த துணியை மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

“அவுக சொல்லியிருந்தா நான் தொடச்சுப் போட்டிருப்பேன் மதினி. இருவத்தஞ்சு வருசமா எத்தன பேரு என்னென்ன சொல்லியிருக்காவ. ஒண்ணும் ஒட்டல. ஆனா நீங்க ஒம்பது மாசப் பிள்ளைய எங்கைல குடுத்துட்டுப் போனவுக. எங்கை எப்படின்னு உங்களுக்குத்தான தெரியும். நீங்களே சொல்லுதீகன்னா என்னமோ இருக்கும்லா. அன்னைலேருந்து எனக்கே பயமாத்தான் இருக்கு.”

“அப்படி ஒண்ணும் கிடையாதுட்டி. எம்புத்திதான் கெட்டுப் போச்சு.”

“நீங்க சொல்லுதது புரியுது மதினி. மனசு கேக்கணும்லா,” என்றாள். கோபமே இல்லை குரலில். எனக்கு ஆறுதல் சொல்வது போலிருந்தது.

நான் அழுதேன். பள்ளிக்கூடத்தில் எத்தனையோ பிள்ளைகளை அழ வைத்தவள், அவள் முன்னால் அழுதேன். பிறகு அவள் துணி வெட்டுகிற பாயில் பிள்ளையைப் படுக்க வைத்தேன். “சட்டைக்கு நீயே அளவெடு. நான் ரெண்டு தடவயும் வேணும்னேதான் தப்பாச் சொன்னேன்,” என்றேன்.

அதுவும் தெரியும் என்கிற மாதிரி லேசாகச் சிரித்தாள்.

கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்துக்கொண்டு பாய் ஓரமாக உட்கார்ந்தாள். டேப்பின் இரண்டு நுனியையும் நகத்தால் பிடித்து, பிள்ளைக்கு மேலே தொங்கவிட்டு, நீளம் பார்த்தாள், தோள் பார்த்தாள். நெஞ்சுக்கு, “கொஞ்சம் தூக்கிப் பிடிங்க மதினி,” என்றாள். நான் தூக்கினேன், அவள் டேப்பை அடியில் விட்டு எடுத்தாள். பிள்ளை மேல் அவள் விரல் ஒரு இடத்திலும் படவில்லை. அளவையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

பிள்ளை கையை உதறிக்கொண்டிருந்தது. டேப்பின் நுனி அதன் கைக்குள் மாட்டியதும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. இன்னொரு நுனி ஆவுடையின் கையில் இருந்தது. அவள் இழுக்கவில்லை, விடவுமில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கைக்கும் பிள்ளையின் கைக்கும் நடுவில் ஒரு முழம் இருக்கும். பிள்ளை தூங்கி, கை தானாக விரிந்த பிறகுதான் அவள் டேப்பைச் சுருட்டினாள். நான் அதுவரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.